அரை மணி நேரத்து மலையூர்கள்

கோர்சிக்கா என்ற பேரைச் சொன்னால் நம்மவர்களிடமிருந்து இரண்டு வார்த்தைகள் வரும். ஒன்று நெப்போலியன், மற்றது அழகு. இந்த இரண்டும் சேர்ந்து அந்தத் தீவின் மலையூர்களுக்குச் செய்திருக்கும் கெடுதலைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். எல்லோரையும் திருப்திப்படுத்தும் வேலையை முப்பத்தைந்து வருஷம் அரசு அலுவலகத்தில் செய்து முடித்துவிட்டேன்.

காலை நடையில் என்னோடு வரும் நண்பர் ஒருவர் மகனைப் பார்க்க பிரான்ஸ் போனார். அங்கிருந்து ஒரு சுற்றுலாக் குழுவோடு கோர்சிக்காவுக்கும் போய்வந்தார். நான்கு நாளில் ஏழு ஊர். கடற்கரைச் சாலை பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். மலை, மலைமேல் கல் வீடுகள், கல் வீடுகளுக்கு முன்னால் அவர். "பாத்தீங்களா சார், ஐநூறு வருஷமா அப்படியே வச்சிருக்கான். நம்ம ஆளா இருந்தா இடிச்சி அப்பார்ட்மென்ட் கட்டியிருப்பான்" என்றார். "வச்சிருக்கான்னா யாரு வச்சிருக்கான், யாருக்காக?" என்று கேட்டேன். "இன்னா சார், இதுக்கும் ஒரு கேள்வியா?" என்று சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே விரிவாகவே சொல்கிறேன். அவரும் இதைப் படிப்பவர்தான்.

நானும் என் மனைவியும் அங்கே போனது ஓர் அக்டோபர் மாதம். தூலோனில் இரவு கப்பல் ஏறினால் விடிகாலை பாஸ்தியா. சீசன் முடிந்துவிட்டதால் கட்டணம் குறைவு என்று மகள் ஏற்பாடு செய்தாள். சீசன் முடிந்த பிறகு போனதால்தான் நான் பார்த்ததைப் பார்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. தீவில் வாழ்கிறவன் கடலோரத்தில் அல்லவா வீடு கட்ட வேண்டும்? மீன் அங்கே இருக்கிறது, படகு அங்கே இருக்கிறது, சமதரை அங்கே இருக்கிறது. கோர்சிக்காவின் பழைய ஊர்கள் பெரும்பாலும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையில் உட்கார்ந்திருக்கின்றன. ஏன்? பயம். பதினாறாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர்கள் கரையிறங்கி ஆட்களைப் பிடித்து அடிமைச் சந்தையில் விற்றார்கள். 1583இல் சார்த்தேன் என்ற ஊருக்கே வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். அதுவோ கடலிலிருந்து உள்ளே தள்ளிய மலையூர். தீவை ஆண்ட ஜெனோவாக்காரர்கள் கரையைச் சுற்றிக் காவல் கோபுரங்கள் கட்டி வைத்தார்கள். கப்பல் தென்பட்டால் உச்சியில் நெருப்பு மூட்ட வேண்டும், அதைப் பார்த்து அடுத்த கோபுரம் மூட்ட வேண்டும். இது ஒரு காரணம். இன்னொன்று மலேரியா. கிழக்குச் சமவெளி முழுக்கச் சதுப்பு, கொசு. குளிர்காலத்தில் ஆட்டு மந்தையோடு கீழே இறங்குவார்கள், வெயில் ஏறுவதற்குள் மேலே ஓடிவிடுவார்கள்.

சுவர் தடிமன், ஜன்னல் சின்னது, சந்து குறுகல், வீட்டோடு வீடு ஒட்டியிருக்கிறது. இதையெல்லாம் 'என்ன ரசனை' என்று படம் எடுக்கிறோம். அதைக் கட்டியவன் ரசித்துக் கட்டவில்லை, நடுங்கிக் கட்டினான். நம் மலைக்கோயிலுக்குப் படியேறுகிறவனுக்காவது ஒரு வேண்டுதல் இருக்கும். இந்த ஊர்களுக்கு ஏறுகிற வேனில் வழிகாட்டி சொல்வது ஒன்றுதான்: மேலே போனால் 'வ்யூ' நன்றாக இருக்கும்.

வழிகாட்டிகள் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பொனிஃபாசியோவைச் சொல்லாமல் விட முடியாது. தீவின் தென்கோடியில், சுண்ணாம்புப் பாறையின் விளிம்பில் தொங்குகிற ஊர். பாறையைக் குடைந்து கடல் மட்டம் வரை 187 படிகள் இறங்குகின்றன. 1420இல் அரகோன் மன்னர் அல்ஃபோன்சோ ஊரை முற்றுகையிட்டபோது அவருடைய வீரர்கள் ஒரே இரவில் வெட்டியது என்று கதை. படிக்கும் அந்த மன்னரின் பெயர்தான். ஒரே ராத்திரியில் 187 படி! பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அடிவாரத்தில் ஒரு நன்னீர் ஊற்று இருக்கிறது. மேலே வாழ்ந்தவர்கள் தண்ணீருக்காக இறங்கிய வழி அது என்பதுதான் பொருத்தமாக இருக்கிறது. தண்ணீர்க் குடத்தோடு ஏறியவர்களின் மூட்டு வலி யாருக்கும் வேண்டாம், ராஜா கதை வேண்டும். டிக்கெட் அதற்குத்தான் விற்கும்.

இனி கோர்த்தே. என் நண்பரின் குழு அங்கே இறங்கியது நாற்பது நிமிடம். கழிப்பறை, காப்பி, கோட்டைக்கு எதிரே ஒரு படம். நாங்கள் மூன்று இரவு தங்கினோம்.

தீவின் நடுவில், சுற்றிலும் மலை சூழ்ந்த ஊர். தனியாக நிற்கும் ஒரு பாறையின் உச்சியில் 1419இல் கட்டிய கோட்டை. அதன் கீழே சின்னச் சதுக்கம், சதுக்கத்தின் நடுவில் கஃபோரி என்பவருக்குச் சிலை, சிலைக்குப் பின்னால் அவருடைய வீடு. வீட்டின் முகப்புச் சுவரில் ஜெனோவாக்காரர்கள் சுட்ட குண்டுகளின் பொத்தல்கள் இன்னும் இருக்கின்றன. பூசி மறைக்கவில்லை. கஃபோரி 1753இல் கொலை செய்யப்பட்டார். இரண்டு வருஷம் கழித்து அந்த இடத்துக்கு வந்தவர் பாஸ்குவாலே பாவோலி. வயது முப்பது.

இந்தப் பாவோலி செய்ததைக் கேளுங்கள். 1755இல் கோர்த்தேயைத் தலைநகராக்கி ஒரு நாட்டை அறிவித்தார். எழுத்து வடிவில் ஓர் அரசியலமைப்பு. ஊர்தோறும் ஆண்கள் வாக்களித்துப் பிரதிநிதிகளை அனுப்பினார்கள். சொந்த நாணயம், அச்சகம், 1765இல் ஒரு பல்கலைக்கழகம். அமெரிக்காவின் அரசியலமைப்பு 1787. பிரெஞ்சுப் புரட்சி 1789. ஆடு மேய்க்கிறவர்கள் என்று மற்றவர்கள் சொன்ன மலைக்காரர்கள் அவர்கள் எல்லோருக்கும் முந்திவிட்டார்கள். ரூசோ அந்தத் தீவைப் பற்றி நல்ல வார்த்தை எழுதினார். அவர்களுக்காக ஒரு சட்ட வரைவும் தொடங்கினார். ஸ்காட்லாந்துக்காரர் பாஸ்வெல் 1765இல் நேரில் போய்ப் பாவோலியைச் சந்தித்து, 1768இல் புத்தகம் போட்டார். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் பாவோலி என்று ஓர் ஊர் இன்றைக்கும் உண்டு.

முடிவு? 1768 மே மாதம் ஜெனோவா அந்தத் தீவை பிரான்சிடம் ஒப்படைத்தது. தன் கையில் இல்லாததைக் கொடுத்தது என்பதுதான் விசேஷம். உள்நாடு முழுக்கப் பாவோலியிடம் இருந்தது. மறுவருஷம் மே மாதம் போந்தே நோவோ பாலத்தருகே பிரெஞ்சுப் படை அவர்களை முறியடித்தது. பாவோலி நாடு கடந்தார். பல்கலைக்கழகம் மூடப்பட்டது. எதிர்த்து எழுந்த நியோலு பள்ளத்தாக்கு மக்களை 1774இல் தூக்கில் போட்டார்கள். மூடிய பல்கலைக்கழகம் மறுபடி திறந்தது 1981இல். எண்ணிப் பாருங்கள், இருநூற்றுப் பன்னிரண்டு வருஷம்.

போந்தே நோவோவுக்கு மூன்று மாதம் கழித்து, 1769 ஆகஸ்ட் 15 அன்று, அஜாக்சியோவில் நெப்போலியன் பிறந்தான். (ஆகஸ்ட் 15! நம் புதுச்சேரிக்கு அந்தத் தேதியில் ஏற்கெனவே போதுமான விசேஷங்கள் இருக்கின்றன.) அவன் அப்பா பாவோலியோடு இருந்தவர், தோல்விக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் பக்கம் போனவர். அண்ணன் ஜோசப் பிறந்தது இதே கோர்த்தேயில்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். வரலாற்றுப் பாடத்தில் நெப்போலியனின் போர்களைத் தேதியோடு ஒப்பிப்போம். ஆஸ்தெர்லிட்ஸ் 1805, யெனா 1806, வாக்ராம் 1809. இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கோர்சிக்கா என்பது அவன் பிறந்த இடம், 1768இல் பிரான்சோடு 'சேர்ந்தது'. அவ்வளவுதான். பாவோலி என்ற பெயரை என் பள்ளிப் பருவத்தில் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. இலக்கிய வகுப்பில் மெரிமேயின் 'கொலம்பா' படித்தோம். பழைய சின்னங்களைப் பார்வையிடும் அதிகாரியாக 1839இல் அங்கே போனவர் அவர். மறுவருஷம் பழிக்குப் பழி கதை எழுதினார். அதனால் கோர்சிக்கர் என்றால் கத்தியும் துப்பாக்கியும்தான் என்று எங்கள் மனதில் பதிந்தது. அரசியலமைப்பு எழுதியவர்கள் என்பது பதியவில்லை. நம் முன்னோர்கள் கால் இனத்தவர் என்று கருத்த பிள்ளைகள் நாற்பது பேர் சேர்ந்து உரக்கப் படித்தோமே, அதே பாடத்தைக் கோர்சிக்காவின் பிள்ளைகளும்தான் படித்திருப்பார்கள். 'சேர்ந்தது' என்ற ஒரு வினைச்சொல் எவ்வளவு ரத்தத்தைத் துடைத்துவிடுகிறது! அலுவலகக் குறிப்பு எழுதிய கை இது, அந்த வினைச்சொற்களை எனக்கு நன்றாகவே தெரியும்.

இன்னொரு சங்கதி. என் பெரியப்பா சைகோனில் சுங்க இலாகாவில் எழுத்தராக இருந்தவர். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து குடியுரிமை பெற்ற தமிழர்கள் இந்தோசீனாவுக்கு எழுத்தராகவும் சொல்தாவாகவும் போனது இங்கே எல்லாக் குடும்பத்துக்கும் தெரிந்த கதை. அவருக்கு மேலே இருந்தவர்களில் கோர்சிக்கர்கள் நிறைய. "அவனும் வெள்ளைக்காரன்தான், ஆனா அவனுக்கும் ஊர்ல சோறு இல்ல" என்பார் பெரியப்பா. உண்மைதான். காலனி அலுவலகங்களிலும் படைகளிலும் கோர்சிக்கர்கள் தங்கள் ஜனத்தொகைக்கு மீறிய எண்ணிக்கையில் இருந்தார்கள். கோர்த்தே சதுக்கத்தில் ஒரு கிழவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பொந்திஷேரி என்று சொன்னதும், "எங்கள் வீட்டிலும் ஒருவர் சைகோனில் இருந்தார், பென்ஷனோடு வந்து வீட்டை ஒரு மாடி உயர்த்தினார்" என்றார். நம்மூரில் சொல்தா வீடு என்று சொல்கிறோமே, அதேதான். நாங்கள் இருவரும் ஒரே துரைத்தனத்தின் இரண்டு வாசல்களில் நின்றவர்கள்.

அதனால்தான் 'அப்படியே வைத்திருக்கிறான்' என்ற பேச்சு எனக்குச் சுருக்கென்று தைக்கிறது. அப்படியே வைத்திருக்கவில்லை. விட்டுவிட்டுப் போனார்கள். எந்த மலைக் கிராமத்துக்குப் போனாலும் தேவாலயத்துக்குப் பக்கத்தில் முதல் உலகப் போரில் செத்தவர்களின் கல் ஒன்று நிற்கிறது. கல்லில் உள்ள பெயர்களை எண்ணிவிட்டு ஊரில் உள்ள வீடுகளை எண்ணுங்கள். ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை, நான்கு தடவை. தப்பியவர்கள் மார்செய்க்கும் காலனிகளுக்கும் போனார்கள். 1944 முதல் அமெரிக்க ராணுவம் டிடிடி அடித்துச் சமவெளியில் மலேரியாவை ஒழித்தது. சரி, இனி கீழே விவசாயம் செய்யலாம் என்று மலைக்காரர்கள் நினைத்தார்கள். அரசு பண்படுத்திய நிலத்தில் பெரும்பகுதி 1962க்குப் பிறகு அல்ஜீரியாவிலிருந்து வந்த குடியேறிகள் கைக்குப் போனது. அந்தக் கோபம்தான் 1975 ஆகஸ்டில் அலேரியாவில் ஒரு ஒயின் கிடங்கை ஆக்கிரமிப்பதில் வெடித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜாந்தார்ம்களை அனுப்பினார்கள், அவர்களில் இருவர் செத்தார்கள். மறுவருஷம் ஆயுதம் ஏந்திய இயக்கம் தோன்றியது. குண்டு வைத்ததை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அது ஏன் வந்தது என்று கேட்காமல் 'அமைதியான மலைக்கிராமம்' என்று எழுதுகிறவனை அதைவிடக் குறைவாகவே மதிக்கிறேன்.

இப்போது அழகுக்கு வருகிறேன். பிரான்சில் 1982 முதல் ஒரு சங்கம் இருக்கிறது, 'பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்' என்று பட்டம் கொடுக்கிறது. கோர்சிக்காவில் பியானாவும் சாந்த் அந்தோனினோவும் அந்தப் பட்டியலில் உண்டு. சாந்த் அந்தோனினோ பலாஞ் பகுதியில் ஏறக்குறைய ஐந்நூறு மீட்டர் உயரத்தில், குன்றின் தலையில் கிரீடம் மாதிரி இருக்கிறது. மறுப்பதற்கில்லை, கண்ணைப் பறிக்கிறது. நாங்கள் போன மதியம் சந்துகளில் சுற்றி, சாத்திய ஜன்னல்களை எண்ண ஆரம்பித்தேன். முப்பது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். துணி காயவில்லை. குழம்பு கொதிக்கும் வாசனை இல்லை. ஒரு குழந்தையின் அழுகை இல்லை. ஒரு பூனை இருந்தது. என் மனைவி சொன்னாள்: "கல்யாணம் முடிஞ்ச மண்டபம் மாதிரி இருக்கு."

தீவில் உள்ள வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று விடுமுறை வீடு. மூன்றரை லட்சம் பேர் வாழும் இடத்துக்கு வருஷத்துக்கு முப்பது லட்சத்தை ஒட்டிய கூட்டம் வருகிறது, அதிலும் பாதி ஜூலை, ஆகஸ்டில். கிராமத்துப் பையனுக்குக் கல்யாணமானால் அவன் தாத்தா பிறந்த சந்தில் ஒரு வீடு வாங்க முடியாது; பாரிஸ்காரரோ மிலான்காரரோ கொடுக்கும் விலை வேறு. வருஷத்தில் மூன்று வாரம் திறக்கும் வீட்டுக்கு அழகாகச் சுண்ணாம்பு பூசி, ஜன்னலில் பூத்தொட்டி வைத்து, நாம் அதைப் பாதுகாப்பு என்கிறோம்.

சுற்றுலாவால்தானே அந்த ஊர்களில் ரொட்டிக் கடையாவது இருக்கிறது என்பார்கள். ஓரளவு சரி. ஆனால் அக்டோபரில் எந்த ஊரில் ரொட்டிக் கடை திறந்திருந்தது என்று பாருங்கள். கோர்த்தேயில் திறந்திருந்தது, ஏனென்றால் அங்கே மாணவர்கள் இருக்கிறார்கள். ஏழாயிரத்துச் சொச்சம் பேர் உள்ள ஊரில் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் படிக்கிறார்கள். 1983 வரை அயல்நாட்டுப் படைப்பிரிவு இருந்த கோட்டையில் இப்போது அருங்காட்சியகம். சாயங்காலம் ஆனால் மேட்டுத் தெருவில் ஒரே சத்தம், சைக்கிள், சிகரெட், காதல், எல்லாம். சுவரில் கிறுக்கல் வேறு. அழகிய கிராமச் சங்கத்தார் பார்த்தால் மயங்கி விழுவார்கள். சாந்த் அந்தோனினோவுக்குப் பக்கத்துக் குன்றில் பிஞ்ஞா என்று ஒரு குட்டிக் கிராமம். 1960களில் அங்கே கைவினைக்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, மண்பாண்டம், இசைக்கருவி, பாட்டு என்று ஊரை நிமிர்த்தினார்கள். அங்கே ஒரு வீட்டு வாசலில் பாத்திரம் கழுவும் தண்ணீர் என் செருப்பில் தெறித்தது. சந்தோஷமாக இருந்தது. ஒரு ஊருக்கு உயிர் கொடுப்பது வேலையும் பள்ளியும் வாடகைக்கு வீடும். வேடிக்கை பார்க்க வருகிறவன் அதன் மேல் ஒரு கரண்டி நெய் விடலாம்; சோறு அவன் அல்ல.

சார்த்தேனில் பெரிய வெள்ளியன்று ராத்திரி ஓர் ஊர்வலம் நடக்கிறது. சிவப்பு அங்கியில் முகத்தை மூடிய ஒருவர், காலில் சங்கிலி, தோளில் கனத்த சிலுவை. அவர் யார் என்று பாதிரியாரைத் தவிர யாருக்கும் தெரியாது. நாங்கள் பார்த்தது தேவாலயத்தில் தொங்குகிற சங்கிலியையும் சிலுவையையும் மட்டுமே. நண்பரின் குழுவுக்கு வழிகாட்டி, "அடுத்த தடவை ஈஸ்டருக்கு வாருங்கள், நல்ல ஷோ" என்றாராம். யாரோ ஒருவன் தன் பாவத்துக்காக வெறுங்காலோடு இழுக்கிற சங்கிலி இவர்களுக்கு ஷோ. காவடி எடுக்கிறவன் முதுகுக்குப் பக்கத்தில் கேமராவை நீட்டுகிற வெள்ளைக்காரனைப் பார்த்து முகம் சுளிக்கிறோமே, அங்கே போனதும் நாம் அவனாகிவிடுகிறோம்.

இந்த ஊரை ஒப்பிட வேண்டாம் என்றுதான் இருந்தேன், நண்பர்தான் ஆரம்பித்தார். 'நம்ம வெள்ளைக்காரத் தெருவையும் அந்த மாதிரி வைக்கணும்' என்கிறார். சனி ஞாயிறில் அங்கே நடக்கிறாரே, மஞ்சள் சுவருக்கு முன்னால் புகைப்படத்துக்கு நிற்கிற வரிசையைத் தாண்டித்தானே போகிறார்? நான் சின்ன வயதில் பால் வாங்கப் போன வீடு இன்று தங்கும் விடுதி. அதற்கு அடுத்ததும் விடுதி. அந்தத் திண்ணைகளில் உட்கார்ந்து பேச ஆள் இல்லை. அந்த மாதிரி ஆக நமக்கு இன்னும் அதிக தூரம் இல்லை, அவர் கவலைப்பட வேண்டாம்.

கோர்சிக்காவின் சாலைகளில் ஊர்ப் பெயர்ப் பலகைகள் இரண்டு மொழியில் இருக்கின்றன. பல இடங்களில் பிரெஞ்சுப் பெயர் மேல் கறுப்புச் சாயம், சில பலகைகளில் துப்பாக்கிப் பொத்தல். 'காட்டான்கள்' என்று நண்பர் சொன்னார். வட்டார மொழிகளைப் பள்ளியில் கற்பிக்கலாம் என்று பிரான்சில் 1951இல் சட்டம் வந்தபோது கோர்சிக்க மொழியைச் சேர்க்கவில்லை. 1974 வரை காக்க வைத்தார்கள். 2023இல் கூட, தீவின் சட்டமன்றத்தில் கோர்சிக்க மொழியில் விவாதிக்க இடம் தந்த விதியைப் பாஸ்தியா நீதிமன்றம் ரத்து செய்தது. தன் தாத்தா பேசிய மொழியில் தன் சபையில் பேச முடியாதவன் பெயர்ப்பலகையில் சாயம் பூசுகிறான். தமிழ்நாட்டு ரயில் நிலையங்களில் தார் பூசியதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். நமக்கு இது புரியாது என்றால் வேறு யாருக்குப் புரியும்?

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. நான் போனேனே. ஏழு ஊர் வேண்டாம், ஒன்று போதும். ஆகஸ்டில் வேண்டாம். கார் கூட வேண்டாம். பாஸ்தியாவிலிருந்து அஜாக்சியோவுக்கு ஒரு மீட்டர் கேஜ் ரயில் கோர்த்தே வழியாகப் போகிறது. விழுப்புரம் வண்டி மீட்டர் கேஜாக இருந்த காலத்தில் அதில் ஆடி ஆடிப் போனவர்களுக்கு அந்த ஆட்டம் பழகினதுதான். கோர்த்தேயைத் தாண்டி வெக்கியோ ஆற்றின் மேல் ஐஃபெல் கம்பெனி கட்டிய பாலம் வரும், வலது இடது இரண்டு பக்கமும் எட்டிப் பாருங்கள். ஊரில் இறங்கியதும் படம் எடுப்பதற்கு முன்னால் ரொட்டி வாங்குங்கள். கஃபோரி வீட்டு எதிரில் அந்தக் கிழவர் இன்னும் இருந்தால், சைகோனில் இருந்தவர் எந்த இலாகா என்று எனக்காகக் கேட்டு வாருங்கள். அன்றைக்கு மனைவி குளிர்கிறது என்று அவசரப்படுத்தியதில் அது விட்டுப்போயிற்று.